விருது மேடைக்குப் பணம் கட்டுவது யார்? தோட்டத்து உபயம் முதல் திரைப்பட விழா ஸ்பான்சர் வரை

நெகிரி செம்பிலானில் ஏதாவது ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? ரந்தாவ், லாபு, பகாவ், எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. அடுத்த முறை போகும்போது கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்க. மின்விசிறி இறக்கையில் ஒரு பெயர் எழுதியிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் இன்னொரு பெயர். குழல்விளக்கில் 'உபயம்: இன்னார் குடும்பத்தார்' என்று, வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து நாம் சிரிப்பதும் உண்டு.

இப்போ தொலைக்காட்சியில் வரும் இசை விருது விழாவையோ திரைப்பட விழாவையோ நினைத்துப் பாருங்க. விருது வாங்குபவருக்குப் பின்னால் இருக்கும் பதாகையில் வங்கி, தொலைபேசி நிறுவனம், குளிர்பானம், விமான நிறுவனம் என்று வரிசையா சின்னங்கள். குழல்விளக்கில் இருக்கும் பெயரும் இந்தச் சின்னமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. உபயக்காரருக்கு என்ன உரிமை உண்டு, என்ன உரிமை இல்லை என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தேசிய விருதுக்குப் பணம் கொடுப்பவருக்கு எவ்வளவு உரிமை என்று கேட்டால், நம்மில் பல பேருக்குப் பதில் தெரியாது. தமிழில் பாடுகிறவரும் தமிழில் படம் எடுக்கிறவரும் இந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டிய காரணம் இருக்கு. 2016-இல் நடந்த ஒரு சம்பவம் அதைக் காட்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

உபயக்காரர் எதைக் கேட்கலாம்?

பல தோட்டங்களில் திருவிழா நாட்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் கிராணிமார் உபயம், ஒரு நாள் ஸ்டோரில் வேலை செய்பவர்கள் உபயம், ஒரு நாள் மரம் வெட்டுகிறவர்கள் உபயம். கோயிலுக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கமும் இருந்தது. அன்றைய உபயக்காரருக்கு மாலை போடுவார்கள், முதல் மரியாதை கிடைக்கும், அர்ச்சனைத் தட்டு முதலில் அவரிடம் போகும். அத்தோடு சரி. அம்மன் எந்த வழியாக ஊர்வலம் போகணும், எந்த லயத்து வாசலில் நிற்கணும் என்பதைக் கோயில் கமிட்டிதான் முடிவு செய்யும். உபயக்காரர் அதில் தலையிட்டால் சண்டை வரும். வந்தும் இருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதெல்லாம் எங்கும் எழுதி வைத்தது கிடையாது. நூறு வீடு இருக்கும் இடத்தில் எழுதி வைக்கத் தேவையும் இல்லை. ஆனா ஒரு தேசிய விழாவில் பணம் தருபவரும் போட்டியில் நிற்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இருக்காது. அதனால் அங்கே எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியிருக்கு.

ஸ்பான்சர் உண்மையில் வாங்குவது என்ன?

ஸ்பான்சர்ஷிப்பை நன்கொடை என்று நினைப்பது தவறு. நன்கொடை கொடுப்பவர் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஸ்பான்சர் பணம் கொடுத்து ஒன்றை வாங்குகிறார்: அந்த விழாவோடு சேர்த்துத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை.

பெரிய தொகை கொடுப்பவர் தலைப்பு ஸ்பான்சர். விருதின் பெயரிலேயே அவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய மெர்க்குரி இசைப் பரிசு இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பெயர் மெர்க்குரி கம்யூனிகேஷன்ஸ் என்ற தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்த நிறுவனம் 1990களின் கடைசியிலேயே காணாமல் போய்விட்டது. பிறகு பார்க்லேகார்ட், ஹூண்டாய் என்று ஸ்பான்சர்கள் மாறினார்கள். ஆனா விருதை இன்னும் எல்லாரும் மெர்க்குரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடை மூடிய பிறகும் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி.

எல்லாரும் ரொக்கமாகத் தருவதில்லை. ஹோட்டல் அறை தருபவர், விமான டிக்கெட் தருபவர், ஒலி ஒளி சாதனங்களை வாடகை வாங்காமல் தருபவர், பதாகை அச்சடித்துத் தருபவர் எல்லாரும் ஸ்பான்சர்தான். சின்ன விழாக்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இவர்கள்தான். ஊடக நிறுவனங்கள் ஒளிபரப்பு நேரத்தைத் தந்து 'ஊடகப் பங்காளி' ஆகும்.

அடுத்து வரி. மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ், அங்கீகாரம் பெற்ற கலை, பண்பாடு, பாரம்பரிய நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அந்தச் செலவை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 7 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2020 வரவுசெலவுத் திட்டத்தில் அது 10 லட்சமாக உயர்ந்தது. வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கான வரம்பு இதைவிடக் குறைவு, 3 லட்சம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நிறுவன வரி 24 விழுக்காடு. ஒரு நிறுவனம் 1 லட்சம் ரிங்கிட் கொடுத்து அதை முழுசா கழித்துக்கொண்டால், அரசுக்குப் போக வேண்டிய வரியில் 24,000 ரிங்கிட் குறையும். அதாவது பதாகையில் வங்கியின் பெயர் இருந்தாலும், கிட்டத்தட்ட கால் பங்கு செலவு பொதுப்பணத்திலிருந்து போகிறது. அதில் உங்க பங்கும் இருக்கு. 'தனியார் பணம், நமக்கென்ன' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

2016: ஒரு வங்கி 'வேண்டாம்' என்றது

மலேசியத் திரைப்பட விழா 1980-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1981-இல், ஃபினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் சட்டப்படி அமைக்கப்பட்டது. இந்த விழா பிறகு அதன் பொறுப்பில் வந்தது. நாட்டின் இன்னொரு பெரிய விருதான ஏஐஎம் இசை விருதை அரசு நடத்துவதில்லை. அது ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ரிம்முடையது. இந்த வித்தியாசம் முக்கியம். சங்கம் நடத்தும் விருதில் விதியை மாற்ற உறுப்பினர்கள் போதும். அரசு அமைப்பின் விருதில் விதி என்பது, கிட்டத்தட்ட நாடே 'நம்ம படம் எது' என்று சொல்கிற மாதிரி.

2016 ஆகஸ்டில் 28-ஆவது விழாவின் இறுதிப் பட்டியல் வந்தது. அதில் இரண்டு படங்கள் முதன்மையான சிறந்த படப் பிரிவில் இல்லை. ஒன்று, 1980-இல் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவின் கதையை வைத்து எடுத்த 'ஓலா போலா'. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து பேசும் படம். இன்னொன்று, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஜகாட்'. இரண்டையும் மலாய் மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் வைத்திருந்தார்கள்.

ஜகாட் என்ன படம் என்று தெரியாதவர்களுக்கு: 1990களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்து ஓரத்தில் புறம்போக்கில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், பள்ளியிலும் வீட்டிலும் அடி வாங்கி வளர்கிற ஒரு பையன். தலைப்பே மலாயில் 'கெட்ட' என்று பொருள்படும் 'ஜஹாட்' நம் வாயில் 'ஜகாட்' ஆனதுதான். லாபு, நீலாய் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. அந்தப் படத்தைப் பார்த்து 'இது வேறு மொழிப் படம், தனியா நில்' என்று சொன்னது பலருக்கு உறுத்தியது.

நடிகர், இயக்குநர் அஃப்டிலின் ஷௌக்கி போன்ற திரைத்துறையினர் எதிர்த்துப் பேசினார்கள். விழாவைப் புறக்கணிப்பதாக அறிவிப்புகள் வந்தன. அந்த நேரத்தில்தான் சிஐஎம்பி வங்கிக் குழுமத்தின் அப்போதைய தலைவர் நசீர் ரசாக், இப்படி மொழியால் பிரிக்கும் விழாவுக்குத் தங்கள் வங்கி ஸ்பான்சர் செய்யாது, விலகிக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்போதைய பிரதமரின் தம்பி. வங்கியின் மிகப் பெரிய பங்குதாரரோ அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா. அதனால் இதைச் சும்மா ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போன கதையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே மாதத்தில் விதி மாறியது. எல்லா மொழிப் படங்களும் போட்டியிடக்கூடிய 'சிறந்த மலேசியப் படம்' என்ற பிரிவு கொண்டுவரப்பட்டது. செப்டம்பரில் நடந்த விழாவில் அந்த விருதை வென்றது ஜகாட். ஒரு தமிழ்ப் படம், மலேசியாவின் சிறந்த படம்.

இதை 'வங்கி காப்பாற்றியது' என்று சுருக்கிச் சொல்லிவிடாதீங்க. கலைஞர்கள் முதலில் பேசினார்கள், பொதுமக்கள் சத்தம் போட்டார்கள், வங்கி அந்தச் சத்தத்துக்கு எடை சேர்த்தது. ஆனா அந்த எடை சாதாரணமானது இல்லை. ஒரு ஸ்பான்சர் பணம் கொடுக்கும்போது பதாகையில் ஒரு மூலைதான் கிடைக்கிறது. பணத்தைத் திரும்ப எடுக்கும்போது தலைப்புச் செய்தியே கிடைக்கிறது.

எனக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கு. அன்று அந்தப் பலம் நமக்குச் சாதகமாக வேலை செய்தது. இன்னொரு நாள், இன்னொரு நிறுவனம், 'இந்தப் படம் பிரச்சினை கிளப்பும், பட்டியலிலிருந்து எடுங்க, இல்லன்னா நாங்க விலகுறோம்' என்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால்? சிஐஎம்பி செய்ததில் எனக்குப் பிடித்தது, அதை வெளிப்படையாகச் சொன்னதுதான். காரணம் என்ன என்று நமக்கும் தெரிந்தது, சரியா தப்பா என்று நாமும் பேச முடிந்தது.

இந்தப் பணம் எங்கிருந்து வருது?

ஸ்பான்சர் பணத்தின் வேரைத் தேடினால் சில சமயம் நம் தோட்டத்துக்கே வந்து நிற்கும். 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனத்துக்கு நெகிரி செம்பிலானில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த கையோடு பிஎன்பி அதன் பங்குகளை வாங்கிக் குவித்து, கத்ரியை மலேசியக் கைக்குக் கொண்டுவந்தது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அந்தக் குழுமத்தின் தோட்டப் பிரிவுக்கு 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறி, பழைய பெயர் திரும்பவும் வந்துவிட்டது.

இந்தக் குழுமத்தின் அறக்கட்டளை, 1982-இல் அமைந்த யாயாசான் சைம் டார்பி. கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு கலைக்கும் அது நிதி தருகிறது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் அரங்கில் அதன் பெயரிலேயே கலை விழா நடந்திருக்கிறது. அந்த அரங்கு இருக்கும் இடமும் பழைய ரயில்வே பட்டறைப் பகுதி. பால்மரமும் செம்பனையும் தந்த பணம், ரயில்வேக்காரர்கள் வேலை செய்த இடத்தில், நாடகத்துக்கும் இசைக்கும் விளக்குப் போடுகிறது. அந்த அரங்குக்குப் போக உங்களுக்குத் தயக்கமே வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லணும் என்ற கேள்வியும் நமக்குப் புதுசு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. அதில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவு செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. யோசிச்சுப் பாருங்க: ஆள் குடிக்கணும், அந்தக் காசு திரும்ப வந்து அவனுக்கே நல்லது செய்யணும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்து நெகிரி செம்பிலானுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. அந்தப் பணத்தின் விலை என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்க அப்பாவிடம் கேட்டால் 'டன்ஹில் லீக்' என்று சொல்லுவார். 1989 முதல் 2004 வரை மலேசியக் காற்பந்து லீக்கின் பெயரே ஒரு சிகரெட்டின் பெயர்தான். சேலம் சிகரெட்டின் பெயரைத் தாங்கி 'சேலம் கூல் பிளானெட்' இசை நிகழ்ச்சிகள் நடந்தன. இந்தியாவிலும் ஃபிலிம்ஃபேர் விருது சில ஆண்டுகள் மாணிக்சந்த் என்ற குட்கா நிறுவனத்தின் பெயரோடுதான் மேடை ஏறியது. மலேசியாவில் 2004-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தக் கதவை மூடின. அப்போது 'ஸ்பான்சர் போனால் விளையாட்டும் இசையும் என்ன ஆகும்' என்ற கவலை இருந்தது. லீக் இன்னும் நடக்குது, பாட்டும் நிற்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நீங்க இப்போ படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தளமும் பொதுப்பணத்தில் நடப்பதுதான். அரசுப் பணத்துக்கும் அதற்கான கயிறு உண்டு. ஒரே ஆளிடம் முழுப்பணத்தையும் வாங்காமல், அரசு, நிறுவனம், டிக்கெட் விற்பனை என்று பிரித்து வாங்கும் விழாவுக்குத்தான் கொஞ்சமாவது முதுகு நிமிரும்.

நீங்க ஒரு விழா நடத்தப் போறீங்களா?

சிரம்பானிலோ பகாவிலோ நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்பட விழா, இல்லை ஒரு பாட்டுப் போட்டி நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கீங்க என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளி மண்டபம் கிடைத்துவிட்டது. ஒலிபெருக்கிக்கும் பரிசுக்கும் காசு வேணும். ஸ்பான்சர் கடிதம் எழுத உட்காருகிறீர்கள்.

'எங்கள் முயற்சிக்கு ஆதரவு தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும் கடிதங்கள் பெரும்பாலும் மேசை இழுப்பறையில்தான் போய் முடியும். அந்தக் கடைக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயம்: எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் யார், தன் பெயர் எங்கே தெரியும். இதை ஒரு பக்கத்தில் எழுதுங்க. எவ்வளவு தேவை என்று தொகையையும் சொல்லுங்க. 'உங்களால் முடிந்ததை' என்று எழுதினால் 50 வெள்ளியும் ஒரு பெட்டித் தண்ணீரும் வரும். அதுவும் உதவிதான், ஆனா ஒலிபெருக்கி வராது.

பணம் வருவதற்கு முன்னாலேயே நடுவர்கள் யார் என்று முடிவு செய்து அறிவித்துவிடுங்க. ஸ்பான்சரோ அவர் வீட்டு ஆளோ நடுவர் ஆசனத்தில் உட்காரக் கூடாது. அவருடைய பிள்ளை போட்டியில் இருந்தால் அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. பரிசை மேடையில் எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம், அது முதல் மரியாதை. யாருக்குக் கொடுப்பது என்பதில் அவருக்கு வேலை இல்லை. இதை முகத்துக்கு நேரா சொல்ல வெட்கமா இருக்கும், அதனால்தான் கடிதத்திலேயே எழுதிவிடணும்.

எந்த மொழிப் படங்கள் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்பதையும் அழைப்பு விடும்போதே எழுதுங்க. நம்ம ஆட்களின் படத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். எத்தனை விழுக்காடு தமிழ் இருந்தால் தமிழ்ப் படம் என்று அளக்க ஆரம்பித்தால், 2016-இல் மற்றவர்கள் செய்த தப்பையே நாமும் செய்வோம்.

பணத்தை இரண்டு தவணையாகக் கேளுங்க, முதல் தவணை விழாவுக்கு முன்னால் கையில் வந்தாகணும். ஸ்பான்சர் நடுவில் விலகினால் பதாகையிலிருந்து பெயரை எடுக்கலாமா, கொடுத்த பணம் திரும்பப் போகுமா என்று ஒரு வரி இருக்கட்டும். ஒளிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று இன்னொரு வரி. படம் எடுத்தவர் அனுமதி இல்லாமல் ஸ்பான்சர் அதைத் தன் விளம்பரத்துக்கு வெட்டி ஒட்டக் கூடாது.

விழா முடிந்த வாரத்திலேயே நான்கு புகைப்படம், செலவுக் கணக்கு, ஒரு நன்றிக் கடிதம் மூன்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்க. பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் மறந்துவிடும். அடுத்த ஆண்டு அதே கடைக்குப் போகும்போது, அந்தப் புகைப்படம் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்க.